ஏழாவது இடம், காலை ஆறு மணி

டிசம்பர் 5, வியாழன்

காலைக் கூட்டம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. ஆண்டிறுதிச் சிறப்பிதழ் பற்றிய பேச்சு. பரிதி பக்கங்களைப் பிரித்துக்கொண்டே வந்தார். வார இதழின் ஆசிரியர் அவர். முப்பத்தெட்டு வயது. எனக்கு ஐம்பத்தேழு. என்னை அக்கா என்பார்.

“புதுச்சேரியில் செல்போனில் படமெடுக்கப் பத்து இடங்கள்.” போன ஆண்டு நம் இணையப் பக்கத்தில் அதிகம் பேர் படித்தது அதுதானாம்.

“அதையே துடைச்சுப் போட்டுடலாம்க்கா. ஏழாவதை மட்டும் எடுத்துட்டு வேற ஒண்ணு வைங்க. ஒரு காபிக் கடை, ஒரு சுவரு, ஏதாவது.”

மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். ஏன் ஏழாவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

“பத்துக்குமா? போன தடவை ஒரே மத்தியானத்துல முடிச்சுக் குடுத்தீங்களே.”

“இந்தத் தடவை போறேன் பரிதி.”

“போங்க. வந்ததும் ஒரு சின்ன வீடியோவும் குடுங்க.”

மாலையில் குடைக்குக் கம்பி மாற்றினேன். முழங்கால் மாத்திரை பத்து நாளுக்கு வாங்கியாயிற்று.

டிசம்பர் 6, வெள்ளி

ஜனவரியில் வந்த கடிதத்தை அலுவலக இழுப்பறையிலிருந்து எடுத்துப் பையில் வைத்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கம். மேலே “நமது நிருபர் அவர்களுக்கு” என்று இருக்கிறது. பட்டியல் அந்தப் பெயரில்தான் வந்தது. எங்கள் இதழில் யாரும் சொந்தம் கொண்டாடாத செய்திகளுக்கு அதுதான் பெயர். எழுதியவர் விழுப்புரத்துக்காரர், அர்ச்சுனன். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. அவருடைய மகள் இலக்கியா, இருபது வயது, தோழிகளோடு புதுச்சேரிக்கு வந்து, எங்கள் பட்டியலை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், டிசம்பர் 23 காலையில் ஏழாவது இடத்தில் பாறையிலிருந்து அலையில் போய்விட்டாள்.

வழக்குப் போடப் போவதில்லை என்று எழுதியிருக்கிறார். கேட்டிருப்பது ஒன்றுதான். எழுதியவர் ஒருமுறை அங்கே வந்து அந்தக் கல்லின் மேல் நின்று பார்க்க வேண்டும்.

பதில் போட வேண்டாம் என்று எங்கள் இதழின் வக்கீல் சொன்னார். நானும் போடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

காலை ஏழு மணி பஸ். பதினொன்றுக்குப் புதுச்சேரி. ரயில் நிலையத்துக்கு அருகில் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி.

ஒன்று: கடற்கரைச் சாலை. மாலை நான்கு மணிக்கே மேகம் மூடிவிட்டது. குடும்பங்கள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கின்றன, படத்தில் கடல் பின்னால் வர வேண்டும் என்பதற்காக. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே நடக்கிறார்.

இரண்டு: பழைய கலங்கரை விளக்கம். முழுதாகச் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் எதிர்ச்சாலைக்குப் போய் முட்டி போட வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு கல்லூரிப் பெண் என் போனை வாங்கித் தானே முட்டி போட்டு எடுத்துக் கொடுத்தாள். “ஆன்ட்டி, லென்ஸைத் துடைங்க முதல்ல” என்று தன் துப்பட்டாவால் துடைத்தாள். பெயர் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

மூன்று: பூங்காவின் நடுவிலுள்ள வெள்ளை மண்டபம். பட்டியலில் எழுதியிருந்தபடியே இருக்கிறது. தூண்களுக்கு நடுவே நின்றால் படம் நன்றாக வரும்.

நான்கு: பூங்காவுக்குத் தெற்கே உள்ள வீதியில் காகிதப்பூக் கொடி படர்ந்த மஞ்சள் சுவர். “காலை எட்டு மணிக்கு இளவெயில் நேராக விழும்” என்று எழுதியிருக்கிறேன். எட்டு மணிக்குப் போனேன். அதிசயமாக நல்ல வெயில். ஆனால் சுவரில் இல்லை. சுவர் மேற்குப் பார்த்தது. காலையில் இருண்டு கிடக்கிறது. அங்கே கையில் போனோடு ஐந்தாறு பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்களும் புக்கைப் பாத்துட்டு வந்தீங்களா? போன வருஷத்துலேருந்து இதே ரோதனை. காலைல வந்து நிக்கிறாங்க. வெயில் இந்தச் செவுத்துக்குச் சாயங்காலம்தாம்மா வரும். எவன் எழுதினானோ.”

மாலை நான்கரைக்கு மறுபடி போனேன். அவர் சொன்னது சரி.

திருத்தம்: நான்கு, மாலை.

டிசம்பர் 12, வியாழன்

மழை. அறையிலேயே இருந்தேன். இதழில் “திருத்தம்” என்ற கட்டத்தைத் தொடங்கியவள் நான்தான். பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு அமைச்சரின் தலைப்பெழுத்தைத் தவறாகப் போட்டதற்குக்கூடத் திருத்தம் வெளியிட்டிருக்கிறோம்.

மதியம் தயிர் சாதம்.

டிசம்பர் 13, வெள்ளி

ஐந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகள். பூசை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்று வாசலில் எழுதியிருக்கிறது. பட்டியலில் அது இல்லை. சேர்த்துக்கொண்டேன். ஆறு, பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வரிசை. சாமந்திக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார்: “படம் எடுக்கிறவங்க ஒரு மொழமாவது வாங்கிட்டுப் போங்கம்மா. மொகத்தையே எடுத்துட்டுப் போறீங்க.” இரண்டு முழம் வாங்கினேன். அறையில் சாமி படம் இல்லை. தண்ணீர்ச் செம்பின் மேல் வைத்தேன்.

நாளை ஏழு.

டிசம்பர் 14, சனி

நல்லாண்டிக்குப்பம். ஊருக்கு வடக்கே ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம். கடல் கரையை அரிக்காமலிருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் பாறைகளைக் கொட்டி நீளமாக ஒரு வரிசை கட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். பட்டியலில் இப்படி இருந்தது: “நுனிப் பாறையில் நின்றால் மூன்று பக்கமும் கடல். காலை ஆறு மணிக்குப் போனால் அலை அடங்கியிருக்கும். கால் நனையாமல் படம் எடுக்கலாம்.”

பகல் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். அலை நுனிப் பாறையின் மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்குகிறது. எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஏழு முறை. கரையிலிருந்து முப்பதடிக்கு மேல் எல்லாப் பாறையிலும் பச்சையாகப் பாசி.

அஞ்சலாட்சி என்ற அம்மாள் மீனைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். காலையில் அலை அடங்குமா என்று கேட்டேன்.

“இன்னாம்மா கேக்குற? கார்த்திகை, மார்கழில வாடைக் காத்து அடிக்கும். எங்க ஆளுங்களே கட்டுமரத்தைத் தள்ள மாட்டாங்க. காலையாவது சாயங்காலமாவது. மாசி, பங்குனில வா. கொளம் மாதிரி கெடக்கும். கொழந்தைய எறக்கி விடலாம்.”

“போன வருஷம் ஒரு பொண்ணு...”

“அதையேன் கேக்குற. நான் இங்கதான் இருந்தேன். ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டாங்க நாலு பொண்ணுங்க. இன்னும் பொழுது வரல. பொழுது வரட்டும், அப்பதான் போட்டோ நல்லா வரும்னு நுனிக்குப் போயி நின்னுச்சு அந்தப் பொண்ணு. மத்ததுங்க இந்தப் பக்கம். நான் கத்தினேன். காத்துல கேக்கல. இருவது நிமிசம் நின்னுச்சும்மா. பொழுது வந்துச்சு. பெரிய அலையும் வந்துச்சு.”

பாறை தொடங்கும் இடத்தில் கம்பம் நட்டு ஒரு தகரப் பலகை. கையால் எழுதியது: “இங்கே படம் எடுக்கப் போகாதீர்கள். அலை ஏறும்.” எழுத்துகள் ஒவ்வொன்றும் அளவெடுத்தது போல இருக்கின்றன. பஸ்ஸில் ஊர்ப்பெயர் எழுதும் எழுத்து.

“அவங்க அப்பா வச்சது. ஞாயித்துக்கெழமைன்னா வந்துடுவாரு. அன்னைக்குத்தான் கூட்டம். காலைலேருந்து நாலு மணி வரைக்கும் வழிய மறிச்சு நிப்பாரு. நாளைக்கு வருவாரு பாரு.”

ஆட்டோ காத்திருந்தது. பாறை மேல் நிற்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். காக்கி அரைக்கைச் சட்டை, மேலே மழைக்கோட்டு. ஒல்லியானவர். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்.

“போட்டோவாம்மா?”

“ஆமாங்க.”

“இந்தப் பக்கத்துலேருந்து எடுத்துக்குங்க. அந்தாண்ட போவாதீங்க. பாசி.”

நான் போகவில்லை. அவராகவே பேசினார். எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டுப் பேசினார். மகளைப் பற்றிச் சொன்னார். எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லையாம். அம்மா தண்ணீர் தெளித்துத்தான் எழுப்புவாளாம். “அன்னைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திருக்கா. புக்குல ஆறு மணின்னு போட்டிருந்துச்சு.”

ஏழு மணிக்கு மேல் கூட்டம் வரத் தொடங்கியது. நான்கு இளைஞர்கள் பலகையைக் கட்டிக்கொண்டு, நாக்கை நீட்டிப் படம் எடுத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எடுக்கட்டும்மா. போர்டு படத்துல விழுந்தா இன்னும் நாலு பேரு படிப்பாங்க.”

பிறகு சட்டைக்குள்ளிருந்து பாலிதீன் பையில் சுற்றிய போனை எடுத்தார். இலக்கியாவின் போன். அன்று அது தோழியின் கையில் இருந்ததால் பிழைத்தது. படங்களை வரிசையாகக் காட்டினார். கடற்கரைச் சாலை. கலங்கரை விளக்கம். மண்டபம். மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒரு காலை மடித்து நிற்கிறாள். பேராலயம். சாமந்திக் குவியல். ஆறு இடங்களுக்கும் அவர் போய், அவள் நின்ற இடத்தில் நின்றிருக்கிறார்.

“நாலாவதை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் அவங்க எழுதின நேரத்துக்கே எடுத்திருக்கா. இது சாயங்காலம் நாலு நாப்பது. புக்குல காலைன்னு இருக்கு. காலைல போயிருக்கா, வெயில் இல்ல. திரும்ப சாயங்காலம் போயிருக்கா. அப்பவே என் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“என்னங்க?”

“எழுதினவரு இங்க வந்ததே இல்லன்னு.”

அவர் போனை மறுபடி பாலிதீன் பையில் சுற்றினார்.

“ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாதும்மா. நமது நிருபர்னு போட்டிருக்கு. டிப்போல பஞ்சர் ஒட்டினாக்கூட எவன் ஒட்டினான்னு நோட்டுல கையெழுத்து இருக்கும்.”

ஒன்பது மணிக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். சென்னை என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

சென்னை திரும்பினேன். எட்டு, ஒன்பது, பத்து பாக்கி. நாளை பக்கம் முடிய வேண்டும். அவை எல்லாம் தரையில் இருக்கும் இடங்கள். ஏரிக்கரை, ஒரு பழைய ஆலை வாசல், ஒரு காபிக் கடை. யாரும் தவறி விழப் போவதில்லை. பழைய வரிகளையே வைத்துக்கொண்டேன். ஏழாவதற்கு அறைக்குப் பக்கத்திலிருந்த நீலக் கதவு.

டிசம்பர் 17, செவ்வாய்

பட்டியலை அனுப்பினேன். கூடவே ஒரு திருத்தம், ஆறு வரி. போன ஆண்டு வெளியான ஏழாவது இடத்தை நிருபர் நேரில் பார்க்கவில்லை என்றும், குறிப்பிட்ட நேரம் தவறு என்றும், டிசம்பரில் அங்கே எந்த நேரத்திலும் அலை அடங்காது என்றும். கீழே என் பெயர்.

பரிதி பதினைந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“அக்கா, இது திருத்தம் இல்ல. வாக்குமூலம்.”

“உண்மைதானே.”

“உண்மைதான். ஆனா போட்டோம்னா நாளைக்குக் கோர்ட்ல அதைத்தான் நீட்டுவாங்க. வக்கீல்கிட்ட கேக்கக்கூட வேணாம். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. பேரைக் கெடுத்துக்காதீங்க.”

பேர் எங்கே வந்தது, கெடுத்துக்கொள்வதற்கு. அதை அவரிடம் சொல்லவில்லை. “சரி” என்றேன். இதைக் குறித்து வைக்கிறேன்: நான் வற்புறுத்தவில்லை. பேச்சு மொத்தம் மூன்று நிமிடம்.

டிசம்பர் 20, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. பக்கம் 34. நமது நிருபர்.

டிசம்பர் 22, ஞாயிறு

மீண்டும் புதுச்சேரி. நாளையோடு ஒரு வருடம் முடிகிறது. நல்லாண்டிக்குப்பத்துக்கு மதியம் மூன்று மணிக்குப் போனேன். அர்ச்சுனன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் இதழ்.

“வாங்கம்மா. மறுபடியுமா? இத பாருங்க. ஏழாவது எடத்தை எடுத்துட்டாங்க. ஏதோ நீலக் கதவாம். ஏன் எடுத்தோம்னு ஒரு வரி இல்ல. அப்படி ஒரு எடமே இல்லாத மாதிரி.”

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி என்று சொன்னேன். முப்பத்தொரு வருடமாக நிருபர். அந்தப் பட்டியலை எழுதியது நான். புதுச்சேரிக்கு வராமல், அலுவலகத்தில் இருந்த பழைய படங்களைப் பார்த்து, ஒன்றரை மணிக்குத் தொடங்கி மூன்று இருபதுக்கு முடித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தபோதும் இதைச் சொல்லவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. இதழை மடித்தார். மறுபடி மடித்தார். ஒரு குடும்பம் பாறைப் பக்கம் போனது. அவர் கையை உயர்த்தி, “சார், அந்தாண்ட வேணாம் சார்” என்றார். அவர்கள் திரும்பிய பிறகுதான் என்னிடம் பேசினார்.

“ஆறு மணின்னு ஏன் போட்டீங்க?”

இந்தக் கேள்விக்கு ஒரு வருடமாக என்னிடம் பதில் இருந்தது.

“படத்துல வெளிச்சம் அப்படி இருந்துச்சு. பாத்து நானே போட்டேன். கடிதம் வந்ததுக்கு அப்பறம் தேடினேன். அது மார்ச்சில எடுத்த படம். நேரம் யாருக்கும் தெரியாது.”

“ஏழுன்னு போட்டிருந்தீங்கன்னா?”

“தெரியாதுங்க.”

“ஏழு மணின்னா அவ அஞ்சுக்கு எழுந்திருக்கவே மாட்டா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவள் எழாத ஏதோ ஒரு நாளைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைப் பக்கம் போனேன். அவர் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. பாசி தொடங்கும் இடத்துக்கு முந்திய கல்லில் நின்றேன். புடவை முழங்கால் வரை நனைந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது ஸ்டூலை அஞ்சலாட்சியிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பத் தயாராக இருந்தார்.

“அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணுங்க எட்டாவது எடத்துக்குப் போறதா இருந்துச்சு. ஏரிக்கரை. எங்க ஊரு பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது. வாரா வாரம் தாண்டுறேன். எறங்கினதில்ல. அது எப்படியிருக்கும்?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

“இந்த வாரப் புக்குலயும் போட்டிருக்கீங்களே. மாலை ஐந்தரைக்கு ஏரி நீரில் சூரியன் இறங்கும் காட்சின்னு. போய்ப் பாத்தீங்கல்ல?”

“இல்லைங்க.”

அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“அவ போகல. நான் போகல. நீங்களும் போகல” என்றார். சாலைப் பக்கம் திரும்பி, “வாங்க, பஸ்ஸு வந்துடும்.”

நாலரை மணி பஸ். ஆண்கள் பக்கம் அவர் உட்கார்ந்தார், பெண்கள் பக்கம் நான். ஐந்து பத்துக்கு ஏரிக்கரையில் இறங்கினோம். சாலையை ஒட்டியே கரை. மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது. தண்ணீரின் மேல் கடைசியில் வெள்ளையாகக் கொஞ்சம் பறவைகள். எங்களைத் தவிர, கையில் எங்கள் இதழோடு ஒரு கணவனும் மனைவியும் தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார்கள். பெண் போனை நீட்டிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

ஐந்தரை ஆயிற்று. தண்ணீர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அர்ச்சுனன் முதலில் திரும்பினார். பிறகு நான். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம், செங்கல் சூளையின் புகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரை ஏரிக்கு மேற்கில் இருக்கிறது. ஏரியைப் பார்த்து நின்றால் கிழக்கு.

அந்தப் பெண் கணவனிடம், “எங்கடா சூரியன்?” என்றாள்.

அர்ச்சுனன் பாலிதீன் பையைப் பிரித்து மகளின் போனை எடுத்தார். தண்ணீரை ஒரு படம் எடுத்தார். சூளையை எடுக்கவில்லை. போனை மறுபடி சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“நோட்டு இருக்குதா உங்ககிட்ட?”

இருக்கிறது என்றேன்.

“எழுதிக்குங்க. எட்டாவது எடம். சாயங்காலம் அஞ்சரை. தண்ணில சூரியன் எறங்காது. ரோட்டுக்கு அந்தாண்ட எறங்குது.”

எழுதினேன்.

“கீழ உங்க பேரைப் போடுங்க.”

போட்டேன். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி, ஒருமுறை படித்து, இதழுக்குள் முப்பத்து நான்காம் பக்கத்தில் வைத்தார். விழுப்புரம் பஸ் ஐந்து ஐம்பதுக்கு வந்தது. அவர் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதும் பத்தும் நாளை பார்க்க வேண்டும்.